பக்கத்து வீட்டுத் தேநீர்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே குழாயைத் திறந்தால் இங்கே கேட்கும். இங்கே தண்ணீர் கொதித்துக் கேத்தில் கூவினால் அங்கே கேட்கும். அந்த வீட்டில் இருந்தவர் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்தில் பிறந்த ஒரு பெண்மணி. எழுபதைத் தாண்டியவர், கணவர் போனபிறகு தனியாக இருந்தார். எங்கள் மகன் அவரை ‘ஸ்கொட்டிஷ் அன்ரி’ என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு எங்கள் வீட்டில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

அவருக்கு லண்டன் பிடிக்காது. பாதி ஆயுளை இங்கேயே கழித்தவர், ஆனாலும் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் சனம், சத்தம் என்றெல்லாம் இழுக்க மாட்டார். தண்ணீர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு. தேநீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே ஆடை மாதிரி ஏதோ படரும். “இதைக் குடித்துக்கொண்டுதான் இங்கிலாந்துக்காரர் உலகத்தை ஆண்டார்கள். அதனால்தான் அப்படி ஆண்டார்கள்” என்பார்.

அவர் குடிப்பது ‘ஸ்கொட்டிஷ் பிளென்ட்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும் தேயிலை. அசாமும் கென்யாவும் கலந்தது, கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. அந்தக் கலவையே வடக்கின் மெல்லிய தண்ணீருக்கென்று செய்ததாம். லண்டன் தண்ணீரில் போட்டால் நிறம் மட்டும் வரும், உயிர் வராது என்பது அவருடைய தீர்ப்பு. ஆகவே அவருடைய தம்பி கார் ஓட்டிக்கொண்டு டண்டியிலிருந்து வரும்போதெல்லாம் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்குவார். அதை அவர் அன்றாடம் தொடமாட்டார். பிறந்தநாள், நத்தார்ப் பண்டிகை, புதுவருடம், யாராவது மனம் உடைந்து வந்தால் அவர்களுக்கு என்று வைத்திருப்பார்.

தேநீர் போடும் முறையும் ஒரு பூசைதான். மண்ணிறப் பானையை முதலில் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டி தேயிலை, பானைக்கென்று இன்னொரு கரண்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் புகை மணக்கும் சீனத் தேயிலை ஒரு சிட்டிகை. பிறகு கம்பளியால் பின்னிய உறையைப் பானைக்குப் போட்டு மூடிவிட்டு, எவரையும் கிட்ட விடமாட்டார். கூடவே சீனியும் பாலும் வெண்ணெயும் காய்ச்சி வெட்டிய ‘டப்லெட்’ என்ற ஒரு இனிப்பு வரும். முதல்தரம் வாயில் வைத்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, “இஞ்சரப்பா, இது எங்கட மில்க் டொபியெல்லே” என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

நான் சிலோன்காரன் என்பதால் எனக்குத் தேயிலையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். எங்கள் யாழ்ப்பாணத்தில் தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டவன் கிடையாது. மலையில் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட துரைமாரில் பாதிப்பேர் அவருடைய ஊர்க்காரர்கள், கொழுந்து பறித்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். நாங்கள் சும்மா குடித்தவர்கள். இதை நான் சொன்னபோது அவர், “அப்படியென்றால் நீயும் நானும் சும்மா குடித்தவர்கள்தான்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

லண்டன் தண்ணீரில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புதான். எங்கள் கேத்திலுக்குள்ளும் இதே வெள்ளைப் படை இருந்தது.

2009 ஆம் ஆண்டு தொடங்கியபோது என் மனைவியின் தங்கை இலங்கையில் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தாள். கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். கிளிநொச்சியில் தையல் பழக்கிக்கொண்டிருந்தவள், சண்டை நெருங்க நெருங்கச் சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தாள். மாசி மாதத்தில் எப்படியோ ஒரு போன் அவள் கைக்குக் கிடைத்தது. இரைச்சலுக்குள் அவள் குரல் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

“அக்கா, என்ன செய்யிறாய்?”

“தேத்தண்ணி போடுறன். நீ எப்பிடியடி இருக்கிறாய்? சாப்பிட்டியே?”

“அதை விடு. எனக்கும் ஒண்டு போட்டு வை, வாறன்.”

சிரித்தாள். அந்தச் சிரிப்போடு இணைப்பு அறுந்தது. பிறகு போன் வரவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டு அடுப்பு ஓய்ந்தால் என் மனைவிக்குப் பொறுக்காது. விடிந்தவுடன் கேத்தில் ஏறும். வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் தேத்தண்ணி. மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெடியனுக்கும் தேத்தண்ணி. ஒருநாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே எழும்பினாள். “இஞ்சரும், நீர் கொஞ்சம் படும், நான் போடுறன்” என்றேன். “நீங்கள் போட்டால் சரிவராது” என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பெயர் கோபம் இல்லை, பயம். எனக்கும் அந்தக் கேத்தில் கூவும்போதுதான் மூச்சு வந்தது.

சித்திரையில் நாங்கள் மற்றவர்களோடு சேர்ந்து பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். பெட்ரோல் ஸ்டேஷனில் என் ஷிப்டை மாற்றி மாற்றி எடுத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். வைகாசி நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. யார் தப்பினார்கள், யார் இல்லை என்று அது சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சனம் வரத் தொடங்கியது. லண்டனின் மற்ற மூலைகளான கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் எட்மண்டனிலிருந்தும்கூட வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வன்னிக்குள்ளே யாரோ இருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சிலர் போராட்டத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்பையே போட்டிருந்தார்கள். வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. முன் அறையில் இருந்துகொண்டு சிலர் அரசியல் அளந்தார்கள், அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. என் மனைவி மட்டும் குசினியில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். எழும்பியவர்களை மறித்து, “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றாள்.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் பக்கத்து வீட்டிலிருந்துதான் கேத்திலில் தேத்தண்ணி வரும். ஒரு வீட்டுக்குள் அடுத்த வீட்டுக் கேத்தில் நுழைவதைத் தெருவில் நின்று பார்த்தால் போதும், அங்கே சாவு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தவள் என் மனைவி. வாசலில் ஸ்கொட்டிஷ் அன்ரி நின்றார். கறுப்பு உடுப்பு, சீவி முடிந்த தலை. இரண்டு கையாலும் பெரிய பானையைப் பிடித்திருந்தார், கம்பளி உறை போட்டு மூடியது. காலடியில் ஒரு கூடைக்குள் கோப்பைகளும் டப்லெட்டும் இருந்தன. சப்பாத்துக் குவியலையும் கறுப்பு உடுப்புகளையும் சன்னலால் பார்த்திருக்கிறார், செய்தியும் கேட்டிருக்கிறார்.

“நீ இன்றைக்கு அடுப்படிக்குப் போகக் கூடாது, கண்ணே. நான் ஊற்றுகிறேன்” என்றார்.

என் மனைவி பானையைப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளிறிப்போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றிக் குறுக்கே நின்றாள்.

“இங்கே ஒருவரும் சாகவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, அந்த மனுசிக்கு விளங்காது என்று தெரிந்தும், தமிழில் கத்தினாள். “கொண்டு போங்கோ! என்ர தங்கச்சி சாகேல்லை! உந்தப் பானையை இஞ்சை கொண்டு வராதையுங்கோ!”

அன்ரி பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அவருடைய குசினியில் வைத்து எங்கள் வழக்கத்தை ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கேட்டார். டண்டியிலும் அதுதான் வழக்கமாம். சாவு விழுந்த வீட்டுப் பெண் கேத்திலைத் தூக்கக் கூடாதாம், அயலவர்கள்தான் தேநீரும் பலகாரமும் கொண்டு போவார்களாம். அவருடைய தாய் இறந்தபோது அந்தத் தெருவே பானையோடு வந்ததாம்.

“நான் அவள் தங்கையைக் கொன்றுவிட்டேன், இல்லையா?” என்றார்.

“இல்லை” என்றேன். தொட்டிக்குப் பக்கத்தில் டண்டித் தண்ணீர்க் கேன்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. வீடு நிறைந்த சனத்துக்கென்று, வைத்திருந்த அவ்வளவையும் கொதிக்க வைத்திருக்கிறார். ஒரு கோப்பை ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். குடித்தேன். அப்படி ஒரு தேநீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

“அவள் கூப்பிடும்போது வருகிறேன். அதுவரை வரமாட்டேன்” என்றார். காலிக் கேன்களை ஓரமாக அடுக்கிக்கொண்டே, “காலையில் உங்கள் கேத்தில் கூவுவது எனக்குச் சுவருக்குள்ளால் கேட்கும். கேட்கட்டும்” என்றார்.

கோடை முழுக்கக் கேத்தில் கூவியது. தப்பியவர்களை அடைத்துவைத்திருந்த முகாம்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்ததா என்று கண்டவனையெல்லாம் கேட்டோம். அவளை வவுனியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார், அது வேறு யாரோ. என் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அன்ரி உடுப்புக் காயப்போட வந்தால் இவள் உள்ளே போய்விடுவாள். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

கார்த்திகையில் முகாம்களிலிருந்து சனத்தை வெளியே விடத் தொடங்கினார்கள். ஒரு காலை, இவள் கேத்திலை அடுப்பில் ஏற்றிவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. தங்கையிடம் தையல் பழகிய ஒரு பெண். கடைசிவரை அவளோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவள். சொல்லும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு, தண்ணீர் அள்ளப் போன இடத்தில். தானும் மற்றவர்களும்தான் அங்கேயே மண்ணைத் தோண்டி அவளை வைத்ததாகச் சொன்னாள்.

வைகாசியில் அந்தப் பானை வாசலுக்கு வந்தபோது அவள் போய் ஒரு மாதமாகியிருந்தது.

என் மனைவி “ஓம்” என்றாள். “ஓம் பிள்ளை. நீ கவனமாயிரு” என்றாள். போனை வைத்தாள். கேத்தில் அப்போதுதான் முனகத் தொடங்கியிருந்தது. அவள் போய்க் காஸ் அடுப்பை நிறுத்தினாள். கேத்திலைத் தூக்கித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது, அவள் விலகவில்லை.

“அவளுக்கு இனித் தேத்தண்ணி வேண்டாமப்பா” என்றாள்.

பிறகு வெறுங்காலோடு வெளியே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பின்னால் போனேன். பக்கத்து வீட்டு மணியை அடிக்கக் கையைத் தூக்கும் முன்பே கதவு திறந்தது. அன்று எங்கள் கேத்தில் கூவவில்லை என்பது சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருந்தது.

“எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. தேநீர் தருவீர்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

அன்ரி அவளை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டார். என் மனைவி அப்போதுதான் குரலெடுத்து அழுதாள். மாசியிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது.

ஒரு மணித்தியாலத்துக்குள் அந்தப் பெரிய பானை எங்கள் வீட்டுக்குள் வந்தது, அதே கம்பளி உறையோடு. அவருடைய தம்பி கோடையில் வரவில்லை, ஆகவே ஊர்த் தண்ணீர் இல்லை. “லண்டன் தண்ணீர்தான், மன்னித்துக்கொள்” என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார். மேலே அந்த ஆடை படர்ந்திருந்தது. என் மனைவி ஊதாமல், நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

செய்தி கேட்டுச் சனம் வந்தது. பின்னேரம்வரை அன்ரிதான் ஊற்றிக் கொடுத்தார், பானை முடிய முடியத் தன் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். என் மனைவி சுவரோடு சாய்ந்து இருந்தாள். ஒருவரையும் அவள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி மறிக்கவில்லை.