ஏழு படிக்குக் கீழே விட்ட சப்பாத்து

2024 ஜூலை 13, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் இருந்தும் குளிர் ஒன்பது பாகை. காற்று ஓயவில்லை.

மெல்பேணிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடி, தங்கம் தோண்டிய காலத்துப் பழைய ஊர் ஒன்றில் மகன் காரை நிறுத்தினான். முப்பது நிமிடம்தான் நிறுத்தலாம் என்று பலகை சொன்னது. மகனும் மருமகளும் கோப்பி வாங்கப் போனார்கள். நிமிடத்தை எண்ணிக்கொண்டு காருக்குள் இருக்க எனக்கு ஏலவில்லை. எதிரே கருங்கல்லில் கட்டிய தேவாலயம். கொஞ்சம் இருந்து கும்பிடலாம் என்று போனேன். ஏழு படி. கீழ்ப்படியில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு ஏறினேன். திருகோணமலையில் எங்கள் பாலையூற்றுக் கோயிலில் எனக்கு அறுபது வருடப் பழக்கம் அது.

உள்ளே பீடம் இல்லை. பழைய சட்டை, கோப்பை, அலுமாரி, எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. கோயில் எப்போதோ கடையாகிவிட்டது. ஊர்ச்சனம் வேண்டாத சாமானைப் படியில் வைத்துவிட்டுப் போக, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கிறார்களாம். சுவரில் இதை வாசித்த கையோடு வாசலுக்கு ஓடினேன். சப்பாத்தைக் காணவில்லை.

நீரிழிவால் இடதுகாலின் சின்னவிரலை எடுத்தபின், அந்த இடத்துக்கு மெத்தை வைத்துக் கொழும்பில் அளவெடுத்துச் செய்த சப்பாத்து அது. இன்னொரு காயம் வந்தால் பாதமே போகும் என்று திருகோணமலை டொக்டர் சொல்லியிருந்தார். கார் வரைக்கும் கூரான சரளைக்கல். மிச்சம் ஒன்பது விரல்.

தேடிக்கொண்டு மகன் வந்தான், பின்னால் மருமகளும்.

"இஞ்ச ஆரப்பா வாசலில சப்பாத்துக் கழட்டுறது?"

"கோயிலுக்குள்ள சப்பாத்தோட போறதோ?"

"மாமா, உங்கட சப்பாத்து விசா இல்லாமல் இஞ்சயே நிக்கப் பாக்குது" என்றாள் மருமகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்குள் மூலைக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என் வலது சப்பாத்தைப் போட்டு முடித்திருந்தார். இடதுக்குள் காலை நுழைத்தார். ஒருதரம் மிதித்தார். இரண்டாந்தரம். முகத்தைச் சுளித்து, உள்ளே ஏதோ முட்டுகிறது என்று இரண்டையும் கழற்றி வைத்தார். என் இல்லாத விரல் காப்பாற்றியது.

மகன் விளக்க, கடைக்காரப் பெண் முகம் சிவந்து, சும்மா கொண்டுபோகச் சொன்னாள். படியிலிருந்து எடுத்து விலை ஒட்டியது அவள்தான்.

"பற்றுச்சீட்டு இல்லாமல் வெளிய வரமாட்டன்" என்றேன்.

"அது உங்கட சப்பாத்து, அப்பா!"

"உனக்குத் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியுமோ?"

இருபத்தொன்பதாவது நிமிடம், ஒன்பது விரலோடும் காரில் ஏறினேன். கையில் பற்றுச்சீட்டு: எட்டு டொலர் ஐம்பது சதம்.