பழம் விடாமல் நட்சத்திரம் எரியாது

ஓடிப்போனாளாம்! முந்திரிக்கொத்து டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புருஷனை விட்டு ஓடிப்போகிற பெண்ணை இந்த உலகத்தில் எவராவது பார்த்ததுண்டா?

"கிறிஸ்மஸுக்கு மொத நாளு புருஷங்கூட சண்ட போட்டுக்கினு, புள்ளைங்கள வுட்டுட்டு பஸ் ஏறிட்டா" என்று எதிர்வீட்டுச் சம்பூர்ணம் பால் பூத்தில் நின்று சொன்னாளே, அதைத்தான் கல்பாக்கம் டவுன்ஷிப் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும். சம்பூர்ணம் போட்டிருக்கும் ரவிக்கையே ஞானம்மாள் தைத்துக் கொடுத்ததுதான். சண்டை நடந்தது உண்மை. பஸ் ஏறியதும் உண்மை. ஏன் ஏறினாள் என்று மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை.

ஞானம்மாள் நாசரேத்துப் பக்கத்துப் பெண். கேசவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவளுக்குத் துணை ஒரு தையல் மிஷின்தான். கேசவனுக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. பூர்வீகம் திருப்போரூரை ஒட்டிய ஊர், பயிர் வைக்கிற குடும்பம். தாய் சின்ன வயதிலேயே போய்விட, அக்கா தமிழ்ச்செல்விதான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். தம்பி வேதக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறான் என்றதும் ஊர் குதித்தது. அக்கா குதிக்கவில்லை. "அதுவும் சோறு தின்ற பொண்ணுதானடா, இட்டுக்கினு வா" என்றாள். சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்து, கல்யாணத்தை முடித்துவைத்தாள்.

மூத்தவள் அனு தவழ்கிற பருவத்தில் ஒருநாள் ஜன்னி கண்டு கண் சொருகிவிட்டது. பிழைக்குமா பிழைக்காதா என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. வெள்ளைக் கவுனுக்கு லேஸ் வாங்க ஞானம்மாள் செங்கல்பட்டு போனாள். குழந்தையை யாரை நம்பி விட்டாள்? தமிழ்ச்செல்வியை நம்பித்தான்.

திரும்பி வந்தால், குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தரையில் உட்கார்ந்து சிரிக்கிறது.

"நேந்துக்கினேன் ஞானம்" என்றாள் தமிழ்ச்செல்வி. "கண்ணு சொருகிக் கெடந்துச்சே, அப்போ திருப்போரூர் முருகங்கிட்ட கேட்டேன். குடுத்துட்டாரு. மொத முடி அவுருக்கு."

கையிலிருந்த லேஸ் கீழே விழுந்தது. "எம்பிள்ள தலையில கத்தி வைக்க நீ யாரு? நீ பெத்தியா?"

தமிழ்ச்செல்விக்குக் குழந்தை கிடையாது. அந்த வீட்டில் யாரும் அவளிடம் பேசாத பேச்சு அது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதோடு சரி. அந்த ஞாயிறு மொட்டைத் தலையைக் குல்லாவில் மறைத்துத்தான் ஞானஸ்நானம் நடந்தது.

பிறகு ரோஹித் பிறந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஞானம்மாளுக்கு ஒரு கவலை. டிசம்பர் வந்தால் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இன்னா டிரெஸ், எத்தினி கேக், யார் வூட்டு ஸ்டார் பெருசு. இதுவா கிறிஸ்துமஸ்? ஒரு வருஷம் அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டு, சுண்டுவிரலை மடக்கிக் காட்டி "காய்" விட்டுக்கொண்டு மூலைக்கொன்றாய் உட்கார்ந்திருந்தபோது, அவள் பால்கனி நட்சத்திரத்தின் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இந்த வீட்டுல ஒரு சட்டம். பண்டியலுக்கு மொத நாள், யார்கூடக் காய் விட்டிருக்கோமோ அவங்க முன்னால ஒரு தட்டுப் பலகாரத்தோட போய்ப் பழம் விட்டுட்டு வரணும். எல்லாரும் விட்ட பிறவுதான் ஸ்டாருல லைட்டு."

பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. போய்ப் பழம் விடுவதற்கு ஒரு வீடு வேண்டுமே என்று ரோஹித் நவம்பரிலேயே யாரோடாவது சண்டை இழுத்து வைத்துக்கொள்வான். கேசவன் ஷிப்டில் முறைத்துக்கொண்ட தர்மராஜைத் தேடிப் போவான். ஞானம்மாள் மீன்காரி ஆராயியிடம் போவாள்; வருஷம் முழுக்கப் பேரம் பேசிக் கத்தியதற்கு ஒரு தட்டு முந்திரிக்கொத்து. சுலபமான பழம்.

பொங்கலுக்குக் கேசவன் மட்டும் ஊரில் அக்கா வீட்டுக்குப் போய் வருவான். அவள் கொடுத்தனுப்பும் கரும்பை ஞானம்மாள் வாசலுக்குள் விடமாட்டாள். பிள்ளைகள் இரண்டும் மாடிப்படியில் உட்கார்ந்து கடித்துத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் அனு கேட்டாள். அவளுக்கு இப்போது பதினொன்று. சம்பூர்ணத்தின் மகள் பிரதீபா உயிர்த்தோழி. ரகசியமாய்ச் சொன்ன ஒன்றைப் பிரதீபா வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டாள் என்று காய். தட்டு தயார், ரோஹித் போய் வந்துவிட்டான், கேசவனும் வந்துவிட்டான். அனு மட்டும் நகரவில்லை.

"போடி அனு, எதிர்வீடுதான."

"அவ மொதல்ல வரட்டும்."

"சட்டம் தெரியும்லா?"

"சட்டம் எனக்கு மட்டுந்தானா? நீ தமிழ்ச்செல்வி அத்தை கூட நான் பொறந்ததுலேர்ந்து காய். ஒரு வருசமாச்சும் போனியா? மீன் ஆயாகிட்டயே போற. ஏமாத்துற நீ!"

ஞானம்மாளின் கை ஓங்கியது. ஓங்கிய இடத்திலேயே நின்றது. அடித்தால் சட்டம் செத்தது. அது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த டிசம்பரில் இந்தப் பிள்ளைகள் தட்டை ஏந்தமாட்டார்கள். ஏந்தினாலும் அம்மாவுக்குப் பயந்து ஏந்துவார்கள்.

"அது பெரியவங்க விஷயம்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "அவ எங்கிட்டக் கேக்காம எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போயி..."

"கேட்டுக்கினுதான் போச்சு" என்றான் கேசவன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கிட்ட கேட்டுச்சு. ஞானத்தாண்ட சொல்லிட்டுப் போலாண்டா தம்பின்னுச்சு. நாந்தான், அவ ஒத்துக்க மாட்டா, அவ லேஸ் வாங்கப் போற அன்னிக்கு போய்ட்டு வந்துடுக்கான்னேன்."

"என்னது?"

"நீ கத்துனப்போ அக்கா எம் பேர சொல்லும்னு நெனச்சேன். சொல்லல. நானும்..."

அப்போதுதான் ஞானம்மாள் கத்தினாள். மாடிப்படி அதிர்ந்தது. சம்பூர்ணம் கதவைத் திறந்துவைத்துக் கேட்டது அதைத்தான். "பிள்ள இல்லாதவளப் பாத்து நான் கேட்ட கேள்வியச் சுமந்துகிட்டுப் போனாளே, அவளும் வாயத் தொறக்கல, நீங்களும் தொறக்கல! இத்தன வருஷம் அவ கரும்பப் படியில போட்டுத் தின்ன வச்சேனே, பாவி!"

கத்தி ஓய்ந்ததும் அவள் உள்ளே போய்ப் பெரிய டப்பாவை இறக்கினாள். பண்டிகைக்கு வைத்திருந்த முந்திரிக்கொத்து முழுவதையும் அதில் போட்டாள். தட்டெல்லாம் அந்தக் காய்க்குப் போதாது. தலையை வாரிக்கொண்டாள். சேலையை மாற்றவில்லை.

கேசவன் குறுக்கே வந்தான். "நானும் வரேன். அக்கா கதவ சாத்திட்டா இன்னா பண்ணுவ?"

"சாத்தட்டும். என்னைய மாதிரி அதுவும் ஒரு கேள்வி கேக்கட்டும். போகணும்னுதான் சட்டம்; கதவு தொறக்கணும்னு நான் சொல்லல. நீங்க வரவேண்டாம்."

"அம்மா," என்றாள் அனு மெதுவாக, "அப்பா கூடவும் காயா?"

"ஆமா. அது இன்னைக்கு விட்ட காயி, இருக்கட்டும். மூத்த காயி முதல்ல."

வெயில் சாய்ந்திருந்தது. மாமல்லபுரம் போய்ப் பஸ் மாறினால் பொழுது இறங்குவதற்குள் திருப்போரூர். செருப்பை மாட்டும்போது அவள் கால் மாற்றி நுழைத்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். மதினி என்று கூப்பிடுவதா, அக்கா என்பதா? 'நீ பெத்தியா' என்ற அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எந்த வார்த்தையைப் போடுவது?

"ம்மா, நீ வர வரிக்கும் சுவிட்சு போடக் கூடாதா?" என்றான் ரோஹித்.

"போட்டுப் பாரு. கைய முறிச்சிருவேன்."

டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கண் கலங்கியிருந்ததும் உண்மைதான், சம்பூர்ணம் அதையும் பார்த்தாள். ஆனால் ஞானம்மாள் கீழ்ப்படிக்குப் போவதற்குள், மேலே எதிர்வீட்டுக் கதவருகே ஒரு தட்டு வந்து நின்றதே, அதைப் பால் பூத்தில் ஏன் சொல்லவில்லை?

"ஏய் பிரதீபா, வெளிய வாடி. பலகாரம் கீது."

ஞானம்மாள் அதைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள்.