ஒரே கிண்ணத்தில் குடிக்க ஒரு ரங்கூன் குழாய்

1973 மே மாதம், வியாழக்கிழமை. திருச்சியிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய காரைக்குடி பஸ், டிரைவர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்த பிறகுதான் நகர்ந்தது. கட்டணம் மூன்று ரூபாய். கோயம்புத்தூரிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்திருந்த எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எந்தக் கோயிலுக்கு என்று கண்டக்டர் கேட்டார். கோயிலுக்கு இல்லை, பூங்காவில் இருக்கும் ரங்கூன் குழாயைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"தண்ணி குடிக்கவா கோயம்புத்தூருல இருந்து வாரீக?" என்றார் அவர். "அதுல உள்ளூர்க்காரனே குடிக்க மாட்டானே."

புதுக்கோட்டை தாண்டியதும் செம்மண்ணும் வெயிலும்தான். காரைக்குடியில் இறங்கும்போது மணி பத்தாகிவிட்டது. பூங்கா பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே நுழைந்ததும் குழாய் கண்ணில் பட்டது. பச்சை வண்ணம் பூசிய வார்ப்பிரும்பு மண்டபம், நான்கு மெல்லிய தூண்கள், உச்சியில் கழுத்தை வளைத்த ஒரு கொக்கு. நடுத்தூணில் நான்கு பக்கமும் சிங்க முகம். பக்கத்துக் குமிழை ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழும். ஒவ்வொரு சிங்கத்துக்குக் கீழேயும் ஓர் இரும்புக் கிண்ணம் சங்கிலியில் தொங்கியது. கடல் தாண்டி வந்த சாமான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

நிழலில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன். தலைச்சுமையோடு வந்த ஒருவர் அதை இறக்கி வைத்துவிட்டுக் குமிழை அழுத்தினார். கிண்ணம் நிரம்பியது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ள அதைத் தூக்கினார். சங்கிலி மார்பு மட்டத்திலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டது. கிண்ணத்தை ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் கால் கழுவினார்கள், கை கழுவினார்கள். யார் யார் வாய் வைத்ததோ என்கிற கூச்சம். எங்கள் தெருத் தண்ணீர்ப் பந்தலிலும் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்களே தவிர, குவளையை யாரிடமும் கொடுப்பதில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பிட்டர் புதுக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார். "மத்தியானத்துக்கு மேல வேலை ஆரம்பம். நாலு டேப்பு வச்சுட்டுச் சங்கிலிய அறுத்துரச் சொல்லி முனிசிபாலிட்டி உத்தரவு. இனிமே சனங்க கையேந்திக் குடிச்சுக்கும்" என்றார். நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது.

பதினொன்றரைக்கு டவுன் பஸ் பிடித்துக் கண்டனூர் போனேன். இந்தக் குழாயை ஊருக்குக் கொடுத்த சாத்தப்பச் செட்டியார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அவர் மனைவி உமையாள் ஆச்சி அங்கே பெரிய வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெடுக்கென்ற பேச்சு. குழாயைப் பார்க்க வந்ததைச் சொன்னதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ரங்கூனுல அவுக கடை வாசல்ல நின்ன குழாய் தம்பி இது. நான் அந்த ஊரப் பாத்ததில்ல. மூட்டை தூக்குறவன், பர்மாக்காரன், சீனாக்காரன், நம்மாளு, எல்லாரும் அந்த ஒரே கிண்ணத்துல வாய் வச்சுக் குடிப்பாகளாம். அதப் பாத்துப் பாத்து அவுகளுக்கு ஆசை. நம்மூருலயும் அப்புடிக் குடிக்கணும்னு கழட்டிக் கப்பல்ல ஏத்திட்டாக. கட்டிலு பீரோவெல்லாம் அப்பறம் வரும்னாக. அந்த அப்பறம் வரவே இல்ல. கடையும் போச்சு, வெறுங்கையோட வந்து சேந்தாக."

"சங்கிலியை நீளமாக்கியிருக்கலாமே?"

"எல்லாரும் சொன்னாக. அண்ணாந்து குடிக்கவா இம்புட்டுத் தூரம் கொண்டாந்தேன்னு கோவிச்சுக்கிருவாக. தெனம் சாயங்காலம் அங்குட்டுப் போயி பெஞ்சுல உக்காருவாக. அவுக மட்டும் குடிப்பாக. வேற ஒருத்தரும் வாய் வைக்கல."

இன்று சங்கிலியை அறுக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஆச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னைக்கா? நானும் வாரேன்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "மொதல்ல நீக சாப்புடுங்க."

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பாட்டு வேளையில் வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இலை போட்டு, அப்பளம் பொரித்து, மூன்று தரம் சோறு வைத்த பிறகே புடவை மாற்றப் போனார். ஒன்றரை மணி பஸ் போய்விட்டது. அடுத்தது இரண்டரைக்கு.

அந்தப் பஸ்ஸில்தான் காரணத்தைச் சொன்னார். குரல் தணிந்திருந்தது.

"ஒரு நாளு என்னையக் கூட்டிட்டுப் போயி, நீயாச்சும் குடி உமையான்னு கிண்ணத்த நீட்டுனாக. மாட்டேன்னுட்டேன். அவுக சாப்புட்ட எலையிலதான் தம்பி நான் எத்தனையோ வருசம் சாப்புட்டேன். ஊரு வாய் வச்சிருக்கும்னு அதுக்கு மட்டும் கூசிப்போச்சு. ஊரு எங்க வாய் வச்சுச்சு? அவுக ஒருத்தருதான் வச்சாக. அறுக்கிறதுக்குள்ள ஒரு வாய் குடிச்சிரணும்."

முன்பே தெரிந்திருந்தால் முதல் தரச் சோற்றோடு இலையை விட்டு எழுந்திருப்பேன்.

மூன்று மணிக்குப் பூங்காவில் நுழைந்தோம். சங்கிலிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு உயிர் வந்தது. ஆச்சி கிட்டே போய்த் தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். என்ன நினைத்தாரோ, துடைக்காமலே சிங்கத்தின் வாய்க்கு நேராகப் பிடித்துக் குமிழை அழுத்தினார். காற்றுதான் வந்தது. மறுபடியும் அழுத்தினார்.

"வேலைக்காக இப்பத்தான் ஆச்சி வால்வ மூடுனேன். உள்ள தண்ணி வார பழைய பைப்பையும் கழட்டியாச்சு" என்றார் பிட்டர். அவர் மேல் என்ன தப்பு?

ஆச்சி கிண்ணத்தை விடவில்லை. பிட்டருக்கு என்னமோ போலாகிவிட்டது. "சாயங்காலம் புதுக் குழாயில தண்ணி விட்டுருவேன். நல்லா ஜில்லுன்னு வரும். இருந்து குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

"அதுல எல்லாரும் குடிப்பாகப்பா. இதுல அவுக ஒருத்தருதானே குடிச்சாக" என்றார் ஆச்சி.