ஏழரை மணி பாலேவுக்கு ஏழே முக்காலுக்குப் போனால்

சிட்னியில் முதல்முறை பாலே பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடனம் தெரியாது; என் வேலை நெட்வொர்க் பராமரிப்பு. 2008 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, டூங்கபியில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் வதனி அக்காவோடும் அவர் கணவர் சிவா அண்ணனோடும் போனேன். அவர்களோடு வர இருந்த அக்காவின் தோழிக்குக் காய்ச்சல். எழுபத்திரண்டு டாலர் டிக்கெட் வீணாகக் கூடாது. என் காரணம் அவ்வளவுதான்.

அக்காவின் காரணம் வேறு. அவர் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணுக்கால் முறிந்து அவர் வார்டுக்கு வந்த ஒரு பெண், நாங்கள் பார்க்கப் போன பாலே குழுவில் ஆடுகிறவள். இனி ஆட முடியுமா என்று அக்காவிடம் கேட்டுக் கேட்டு அழுதவள். மாதங்கள் கழித்து இப்போதுதான் மேடைக்குத் திரும்பியிருந்தாள். அதுவும் முதல் அங்கத்தில் மட்டும், எட்டுப் பேர் வரிசையில் ஒருத்தியாக. பெயரைக் கேட்டேன்.

"அது உமக்கு என்னத்துக்கு? பேஷன்ட் விஷயம்" என்றார் அக்கா.

டூங்கபியிலிருந்து ரயிலில் போய், சென்ட்ரலில் மாறி, சர்குலர் கீயில் இறங்க வேண்டும். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பிறகு அரங்குக்குத் துறைமுக ஓரமாகப் பத்து நிமிட நடை. ஆகவே ஆறு மணி ரயில் என்று சொல்லிவைத்தேன். ஐந்தே முக்காலுக்கு அக்கா பட்டுச்சேலையில், செருப்புப் போட்டு வாசலில் நின்றார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழரை எண்டு போட்டா எட்டுக்குத்தான் விளக்கேத்துவினம், தம்பி. பிரதம விருந்தினர் வரோணுமே."

"பாலேவுக்குப் பிரதம விருந்தினர் கிடையாதுண்ணா."

"நீர் முந்திப் போய்ப் பாத்தனீரோ?"

"இல்ல."

"அப்ப பேசாம தேத்தண்ணியைக் குடியும்."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இங்கே நம் ஆட்களின் விழா எதற்கும் நேரத்துக்குப் போனால், நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைக்கும். அந்தக் கணக்கை அவர் பாலேவுக்கும் போட்டார். நாங்கள் அரங்க வாசலை அடைந்தபோது ஏழே முக்கால். கதவு சாத்தியிருந்தது. முதல் அங்கம் முடியும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார் வாசலில் நின்ற பெண், மிக மரியாதையாக.

"நான் கதைக்கிறன்" என்று அண்ணன் போனார். டூங்கபியிலிருந்து வருகிறோம் என்பதை இரண்டு முறை சொன்னார். அந்தப் பெண் மூன்று நாற்காலிகளைக் காட்டினார். எதிரே சுவரில் ஒரு மானிட்டர்.

ஒரே கேமரா, மேடை முழுவதும் ஒரே கோணம், மங்கலான படம். எட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒரே பாவாடை, ஒரே கொண்டை. முகங்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். அக்கா எழுந்து திரைக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எட்டுப் பேரும் விரல் நுனியில் ஏறினார்கள், குதித்தார்கள், போனார்கள்.

"எதப்பா அந்தப் பிள்ளை?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியேல்லை" என்றார் அக்கா. திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எட்டும் ஒரே மாதிரித்தான் குதிக்குதுகள். ஒண்டும் நொண்டேல்லை."

பிறகு கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நாங்கள் இருவரும் தரைவிரிப்பைப் பார்த்தோம்.

இடைவேளைக்குப் பின் உள்ளே போனோம். என் கருத்து: கதை மெல்லியது, நீளம் அதிகம். ஆனால் டிவியில் கேட்காத ஒன்று நேரில் கேட்கிறது. அவர்கள் இறங்கும் ஒவ்வொரு முறையும் பலகையில் டக் என்று காலணிச் சத்தம். அத்தனை எடையும் அந்தக் கணுக்காலில்தான் இறங்குகிறது. அண்ணன் தூங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், தூங்கவில்லை.

போகிறவர்களுக்கு: கோட்டு சூட்டு வேண்டாம், ஜீன்ஸிலும் வந்திருந்தார்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள். டிக்கெட்டில் ஏழரை என்றால் ஏழரைதான். வெளியே மானிட்டர் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். அதில் யாரையும் அடையாளம் தெரியாது. அன்று அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.