பேச்சி ஆற்றைத் தாண்டினாளா?

சென்ற மாதம் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நம்பினேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போடிநாயக்கனூரில், பட்டப்பகலில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, முழு மனதோடு நம்பினேன். சோதனைகூடச் செய்து பார்த்தேன். மனைவியின் பெயர் உடனே ஞாபகம் வந்தது. பதினாறாம் வாய்ப்பாடு வரவில்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வந்ததில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அப்படியானால் மூளையில் எந்தப் பக்கம் போயிற்று, எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன்.

சரித்திரக் கதை எழுதுகிறவனை நீங்கள் சும்மா விடுவதில்லை. முடிந்துபோன கதையில் செத்தவன் நிஜமாகவே செத்தானா? வரப்போகும் கதையில் அவன் மகன் வருவானா? தபால்காரர்கூட அடுத்த கதை எந்த ராஜா என்று விசாரித்துவிட்டுத்தான் கடிதக் கட்டைக் கையில் கொடுக்கிறார். "இதென்ன தொல்லை" என்று வீட்டில் சலித்துக்கொள்வேன். அவர் கேட்காமல் போய்விட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போன வருஷம் முடிந்த என் தொடர்கதையில், போரில் தோற்ற பாண்டிய இளவரசன் குரங்கணி வழியாக மலையேறித் தப்பிப்பான். அந்தக் கணவாயை நான் பார்த்தவனில்லை. சென்னையில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியே தெரிந்த தென்னை மரத்தைப் பார்த்து மலைக்காட்டை வர்ணித்தவன். அடுத்த கதையும் அதே மலைதான். இந்தத் தடவையாவது பார்த்துவிட்டு எழுதலாமே என்று ஒரு மனசாட்சி. போடியில் சுப்பையா என்று ஒரு ஏலக்காய் வியாபாரி, என் பழைய வாசகர். "வாருங்கள், நம் கிட்டங்கியில் உங்களுக்கு ஒரு மாலை மரியாதை, மறுநாள் குரங்கணிக்கு ஜீப்பு" என்று எழுதியிருந்தார். கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு. மாலை என்ற சொல்லைப் படித்த பிறகு மனசாட்சிக்கு இன்னும் வேகம் வந்தது.

தேனி தாண்டியதும் கண்டக்டர் என் முகத்தையே பார்த்தார். பத்திரிகையில் வந்த போட்டோ.

"கதை எழுதுற சார்தானே?"

நான் அடக்கமாக ஒப்புக்கொண்டேன். அடக்கம் கடைசி சீட் வரை கேட்டிருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். பேச்சி ஆத்தைத் தாண்டுனாளா, இல்லையா?"

"எந்தப் பேச்சி?"

கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீகளா, வாயைத் தொறக்க மாட்டேங்கிறாரு. அடுத்த புஸ்தகத்துக்கு வச்சிருக்காரு."

பஸ்ஸே ஆமோதித்தது. நானும் புன்னகை செய்தேன். மனசுக்குள் மட்டும் ஒரே கேள்வி... எந்தப் பேச்சி?

என் கதைகளில் பெண்களின் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புவனமாதேவி. அமுதமோகினி. பேச்சி என்று ஒருத்தி என் பேனாவிலிருந்து எப்படி இறங்கியிருப்பாள்?

போடியில் இறங்கியதும் சாப்பிடப் போன இடத்தில் சட்னி ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். "என் வீட்டுல உங்க மேல ரொம்பக் கோவம் சார். பச்சப்புள்ளைய அக்கரையில விட்டுட்டு, தாய இக்கரையில நிப்பாட்டிட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிட்டீகளே. பேச்சி என்னதேன் ஆனா?"

"பொறுத்திருந்து பாருங்கள்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சுப்பையா வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவரிடம் நைசாகக் கதையைப் பிடுங்கினேன். பேச்சி உப்பு மூட்டை சுமந்து மலையேறுகிறவளாம். பகைவர் படைக்கு வழி காட்டுவதாகச் சொல்லி ரத்தம் குடிக்கும் அட்டைகள் நிறைந்த காட்டுக்குள் கொண்டுபோய் விட்டவளாம். அந்த மகராசியால்தான் என் இளவரசனே உயிர் பிழைத்தானாம். கடைசியில் கொட்டகுடி ஆற்றில் வெள்ளம். இந்தக் கரையில் அவள், அந்தக் கரையில் அவள் கைக்குழந்தை.

நல்ல கட்டம். பொறாமை வருகிற அளவுக்கு நல்ல கட்டம். நானா எழுதினேன்?

சுப்பையாவின் அலமாரியில் என் தொடர்கதை இருந்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணுவீர்களே, அப்படி. எனக்கே என்னிடம் அப்படி ஒரு பிரதி கிடையாது. பகல் தூக்கம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். பேச்சி இல்லை. ஆனால் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாரத்து அத்தியாயமும் இல்லை.

"அந்த வாரக் கட்டு மழையில நனஞ்சு கூழாப் போச்சுங்கய்யா" என்றார் சுப்பையா. "போடி பூரா யாருக்கும் பத்திரிகை கெடைக்கலை. நம்ம கிட்டங்கிப் பொம்பளைகளுக்குக் கதை வாசிக்கிற குருவம்மா மட்டும் எப்படியோ மதுரையில அவுக அண்ணன்கிட்ட ஒண்ணு வாங்கியாந்து வாசிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு. பொம்பளைக கேட்டுட்டுப் போயி வீட்டுல சொல்ல, ஊரெல்லாம் பேச்சி பேச்சுத்தேன்."

அந்த ஒரு வாரம்... எனக்கு நினைவு வந்தது. அந்த வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். படுத்துக்கொண்டே நான் சொல்ல, மனைவி எழுதினாள். என்ன சொன்னேன்? சத்தியமாகத் தெரியாது. அச்சில் வந்ததையும் நான் பார்க்கவில்லை. காய்ச்சலில் பேச்சியை நான் பெற்றுவிட்டேனா? இல்லை, என் மனைவி பெற்றாளா? 'பேச்சி யார்?' என்று வீட்டுக்குத் தந்தி அடிக்கலாம் என்று எழுந்தேன். வெளியூர் போன புருஷனிடமிருந்து அப்படி ஒரு தந்தி வந்தால் அதற்கு என்ன பதில் வரும் என்று யோசித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

சொந்தக் கதை மறந்தவன் அடுத்த கதையை எப்படி எழுதுவான்? வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று சுப்பையாவிடம் கேட்டேன். அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் காலை கிட்டங்கி.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயைப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சுளகில், அதாவது முறத்தில், போட்டுக் காம்பு கிள்ளி, தரம் பிரிப்பார்கள். நடுவே ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து ஒருத்தி பத்திரிகைக் கதையைச் சத்தமாக வாசிப்பாள். இது சுப்பையாவின் ஏற்பாடு. "சும்மா இருந்தா ரெண்டு ஏலக்கா வாய்க்குள்ள போகும். கதை கேட்டா வாய் தொறந்துதேன் இருக்கும், ஆனா போடத் தோணாது" என்றார். என் எழுத்துக்கு எத்தனையோ விமர்சனம் வந்திருக்கிறது. இவ்வளவு உபயோகமான விமர்சனம் வந்ததில்லை.

அவர் மாலையைத் தேடி உள்ளே போனார். சாக்கு அடுக்குக்குப் பின்னாலிருந்து முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் வந்து நின்றார். மூக்குத்தி, இழுத்துச் செருகிய சேலை, நேரான பார்வை.

"சார், நாந்தேன் குருவம்மா. ஒரு சோலி. வெரசாச் சொல்லிர்றேன். பேச்சியை நீங்க எழுதலை."

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"மதுரையில எனக்கு அண்ணனும் கெடையாது, பத்திரிகையும் கெடையாது. அன்னிக்கு எல்லாரும் சுளகை வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக. கதை இல்லைன்னு சொல்ல மனசு வரலை. ஒரு பழைய பத்திரிகைய விரிச்சு வச்சுக்கிட்டு, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மறுவாரம் பத்திரிகை வந்துருச்சு. பேச்சி அப்படியே ஆத்தங்கரையில நின்னு போனா."

எனக்கு மூளை கலங்கவில்லை. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தில் ஒரு மூட்டை ஏலக்காயையே கட்டிக்கொண்டிருப்பேன். அடுத்த நிமிஷம் இன்னொன்று குத்தியது. அப்படியானால் இந்த ஊரில் ஒருவர்கூட என் புவனமாதேவியைப் பற்றிக் கேட்கவில்லையே?

"இது தெரிந்தால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்றேன்.

"ஸ்டூல்ல இருந்து எறக்கிருவாக. அது கெடக்கு, சுளகு எனக்கென்ன புதுசா? ஆனா இனிமே நான் எதை வாசிச்சாலும், 'இது புஸ்தகத்துல இருக்கா, இல்ல உன் புளுகா'ன்னு கேப்பாக. அப்படிக் கேட்டுட்டா அப்பறம் எப்படி சார் வாசிக்கிறது? நீங்க எழுதினதாவே இருக்கட்டும்."

"சரி, நான் பார்த்துக்கொள்கிறேன். அது இருக்கட்டும்... பேச்சி ஆற்றைத் தாண்டினாளா?"

குருவம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலை விழுந்தது. ஸ்டூலில் என்னை உட்கார வைத்தார்கள். பெண்கள் கை வேலையை நிறுத்தவில்லை. முதல் வரிசையில் வீராயி என்று ஒரு அம்மாள், கணீரென்று குரல், ஆரம்பித்தார்.

"அய்யா, மாலை மருவாதை எல்லாம் இருக்கட்டும். பேச்சிக்கு ஒரு வழி சொல்லிட்டு மலைக்குப் போங்க."

சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். 'அடுத்த கதையில் வருகிறாள்' என்று முடித்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் ஒரு பாத்திரத்துக்காக அண்ணாந்து பார்க்கும்போது எந்த எழுத்தாளனுக்கு வாய் நிற்கும்? காய்ச்சலில் கிடந்தபோது பேச்சி என் கண் முன் தோன்றியதைச் சொன்னேன். அவளை நான் பெற்ற பாட்டைச் சொன்னேன். எனக்கே கண் கலங்கியது. அதோடு விட்டேனா?

"அடுத்த கதையில் இளவரசன் குதிரையோடு வெள்ளத்தில் பாய்கிறான்" என்றேன். "பேச்சியைத் தூக்கிக் கரை சேர்க்கிறான். அவள் உண்மையில் உப்புக்காரி அல்ல, சின்ன வயதில் காணாமல் போன ராஜகுமாரி. இருவருக்கும் மதுரையில் கல்யாணம்."

பெண்கள் கை நின்றது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பின் வரிசையில் குருவம்மாள் எழுந்து நின்றார்.

"அவ ராசகுமாரியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உப்புச் சொமக்கிறவ."

"இல்லை அம்மா, அடுத்த கதையில்..." என்று கண்ணைக் காட்டினேன். அவருக்காகத்தானே இவ்வளவும்? அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"எந்தக் கதையிலயும் அவ எவனையும் கட்டிக்கிற மாட்டா. பட்டாளத்தையே அட்டைக்குத் தின்னக் குடுத்தவ, ஒரு ஆத்தைத் தாண்ட அவனைக் கூப்புடுவாளா? அவளுக்கு அந்த ஆத்துல கல்லு எங்க கெடக்குன்னு தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

சுப்பையா பதறினார். "ஏ குருவம்மா, எழுதினவருக்கே நீ சொல்லித் தர்றியா? உக்காரு தாயி."

"அவரு எழுதலை மொதலாளி. நாந்தேன் சொன்னேன். அந்த வாரம் பத்திரிகையே வரலை. பேச்சி என் வாயில வந்தவ."

சொல்லிவிட்டார். அரை நாழிகைக்கு முன் எதற்குப் பயந்து என்னிடம் வந்தாரோ, அதைத் தன் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தலையைக் குனியவும் இல்லை. பேச்சியை எனக்குக் கொடுத்திருந்தால் அவருக்கு ஸ்டூல் மிச்சமாகியிருக்கும். ஆனால் நான் அவளை ராஜகுமாரி ஆக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை.

எழுத்தாளர்கள் என்று எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். சொந்தப் பாத்திரத்துக்காக இருக்கிற இடத்தை விட்டவர் யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் உள்பட. என் பத்திராதிபர் புருவத்தைச் சற்று உயர்த்தினால் போதும், செத்த தளபதிகூட மறுவாரம் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

வீராயி மெதுவாகச் சுளகைக் கீழே வைத்தார். குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப பேச்சிக்கு என்ன ஆச்சுன்னு இவருக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் இவரை எதுக்குடி அம்புட்டுத் தூரத்துல இருந்து கூட்டியாந்தீக?" வீராயி என் பக்கம் கையை அசைத்தார். "அய்யா, கோவிச்சுக்கிறாதீக. சித்த எந்திரிச்சு இங்கிட்டு வந்துருங்க."

எழுந்தேன். வீராயி நகர்ந்து தன் பக்கத்தில் தரையில் இடம் விட்டார். உட்கார்ந்ததும் ஒரு சுளகை என் பக்கம் தள்ளினார். குருவம்மாள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கையில் எந்தப் பத்திரிகையும் இல்லாமல், ஆற்றங்கரையிலிருந்து கதையைத் தொடங்கினார். நான் மாலையோடு காம்பு கிள்ளினேன்.