பழைய பெயரில் ஒரு தேடல்

கடைத்தெருவில் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றால்தான் தெரியும். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் நிமிரமாட்டாள். அன்று மட்டும் பாதி தேய்த்த லென்ஸை ஓரமாக வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமனாக முன்னால் நிற்க வேண்டிய அவள் அண்ணன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அம்மா செத்த வீட்டில், கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்று பேச்சு தடித்து வெளியேறியவன். பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அண்ணனும் தங்கையும் ஜப்பான் படப் பைத்தியங்கள். சின்ன வயதில் அவர்களுக்கு அது வெறும் கார்ட்டூன். பிறகு இரண்டு வீடியோ பிளேயர்களை ஒயரால் இணைத்துக் கேசட்டுகளைப் பிரதியெடுத்து, இவர்களைப் போன்ற பைத்தியங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்போது ஜப்பானிமேஷன் என்று சொன்னால்தான் விவரமான ஆள். கேசட்டின் முதுகில் அவள் அப்படித்தான் எழுதி ஒட்டுவாள். "அந்த நாட்டுலயே அனிமேன்னுதான் சொல்றாங்க, மாத்தி எழுது" என்றான் அண்ணன். தும்மல் பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். ரசிகர்கள் எல்லோரும் அனிமே என்று மாறிய பிறகும் அவள் மாறவில்லை.

இணையத்தில் இருக்கும் அனிமே ரசிகர் குழுவில் அவள் போட்ட பதிவை நீக்கிவிட்டார்கள். 'ஜப்பானிமேஷன் கேசட் அனுப்பிய அண்ணனைத் தேடுகிறேன்' என்று போட்டிருந்தாள்.

மகள் தலையில் கைவைத்தாள். "அம்மா, இப்ப யாரும்மா அப்படிச் சொல்றாங்க? அதோட முன்பாதிய 'ஜாப்'னு சுருக்கி அந்த நாட்டுக்காரங்கள மட்டமா பேசுவாங்களாம். நீயும் கிண்டல் பண்றேன்னு தூக்கிட்டாங்க. அனிமேன்னு போட்டா என்ன குறைஞ்சிடுவே?"

"போட்டா யாரோ ஒருத்தி தேடுறான்னு தாண்டிப் போயிடுவாரு உங்க மாமா. இத்தனை காலத்துக்கப்புறமும் இப்படிப் பிடிவாதமா எழுதுறவ நான் ஒருத்திதான்."

மகள் குழுவை நடத்துகிறவருக்கு விஷயத்தை எழுதினாள். பதிவு திரும்பி வந்தது. கூடவே கேலியும். 'அத்தை எந்தக் காலத்துல இருக்கீங்க?' 'கேசட்னா என்ன அத்தை?' கண்ணாடிக்காரம்மா எல்லாவற்றையும் படித்தாள். லென்ஸ் தேய்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக அந்த வாரம் போயிற்று.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். கேலிகளுக்கு அடியில் ஒரு வரி.

'இன்னுமா திருத்தல? எத்தனை தடவை சொல்றது கழுதை, அனிமே!'

"அது மாமாவா?" என்றாள் மகள்.

"வேற யாரு என்னைக் கழுதைங்கறது?"

உடனே தட்டினாள்: 'நேர்ல வந்து திருத்து. உன் மருமகளுக்குக் கல்யாணம்.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'எப்போ?'

அவள் போனை மகளிடம் நீட்டினாள். "தேதிய நீயே போடுடி. எழுத்தெல்லாம் கலங்கலா தெரியுது. என் கண்ணாடிக்குப் பவர் மாத்தணும் போல."