உக்குவளையின் நண்பகல் நிழல்

எங்களுக்கு வானம் படிப்பிக்க வந்தவர் கையில் ஒரு தோடம்பழத்தோடு வந்தார். அதில் பேனையால் கோடுகள் கீறி, இது வான்கோளம், இது தலைக்கு நேரே உள்ள உச்சி, இது தொடுவானம் என்றார். வானத்துக்கு உள்ளே நிற்கிறவர்களுக்கு அதைத் தோலுக்கு வெளியிலிருந்து காட்டுகிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். கழுத்தில் டை வேறு. மாத்தளை வெயிலில் டை கட்டுகிற ஆளிடம் சூரியனைப் பற்றிப் படிக்கப் போன என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

போகாமல் இருக்கவும் முடியாது. பதினொரு வருஷம் லக்கல காடுகளில் நில அளவையாளருக்குக் கோல் பிடித்தவன் நான். யானை வருமோ என்று பயந்துகொண்டு நான் நிற்க, தூரத்தில் கருவிக்குள் பார்ப்பவர் எப்போதும் வேறொருவர். அந்தக் கருவிக்குப் பின்னால் நிற்க ஒரு பரீட்சை பாஸாக வேண்டும். வயதெல்லைப்படி அது எனக்குக் கடைசித் தடவை.

அவருடைய நோட்டு, ஏதோ குளிர்நாட்டுப் புத்தகத்தைத் தமிழில் மாற்றியது. படத்தில் இருந்த மனிதன் கம்பளிக்கோட்டு போட்டிருந்தான். நட்ட கம்பின் நிழல் நண்பகலில் வடக்கைக் காட்டும் என்று அதில் இருந்தது. நான் எழுந்தேன்.

"சேர், சித்திரையில சூரியன் நம்ம தலைக்கு நேரா வருதுன்னு வருஷா வருஷம் ரேடியோவுல சொல்றாங்களே. அதுக்கப்புறம் அது வடக்கால போயிடுது. அப்ப நிழல் எந்தப் பக்கம் விழும்?"

"அண்ணே, உங்களுக்கு பாஸ் பண்ணணுமா, என்னோட வாதாடணுமா?"

வகுப்பே சிரித்தது. ஆமாஞ்சாமிகள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, நோட்டிலிருந்த அந்த வரியைப் பத்துத் தடவை எழுதிப் பாடமாக்கினேன்.

செய்முறைப் பரீட்சை ஜூன் மாதம், உக்குவளையில் ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்தது. கம்பு நட்டு, நிழல் மிகக் குட்டையாகிற நேரத்தைப் பிடித்து, வடக்கை அம்புக்குறியால் காட்ட வேண்டும். நிழல், கண்டியிலிருந்து ரயில் வருகிற பக்கமாக விழுந்தது. கண்டி எங்களுக்குத் தெற்கு. இங்கே யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அது தெரிந்துகொண்டே, அந்தப் பக்கமாகச் சுண்ணாம்பால் அம்பு போட்டு 'வடக்கு' என்று எழுதினேன். அக்கம்பக்கம் பார்த்தேன். எங்கள் வகுப்பிலிருந்து வந்த அத்தனை பேரும் அப்படியே போட்டிருந்தார்கள். மனசு நிம்மதியாயிற்று.

பரீட்சகர் வந்து அம்பைப் பார்த்தார்.

"கண்டி எந்தப் பக்கம்?"

கை நீட்டினேன். என் அம்பு போன பக்கமேதான்.

"அப்ப கண்டி நமக்கு வடக்கா?"

"நோட்டுல அப்படித்தான் சேர் இருக்கு."

ஜூனில் சூரியன் நம் உச்சிக்குப் பதினாறு பாகை வடக்கே நிற்கிறது, அதனால் நிழல் தெற்கே விழுகிறது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். பிறகு பூச்சியம் போட்டார். சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் அவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

வகுப்பெடுத்தவருக்கு அது தெரியாது என்று விட்டுவிடலாம். எனக்குப் பாகைதான் தெரியாது, கண்டி எங்கே என்று தெரியும். அந்தக் கூட்டத்திலேயே கேவலமானவன் நான்தான். அடுத்த திங்கட்கிழமை லக்கலவுக்குப் போய்க் கோலைத் தூக்கினேன்.